படமே போதும், எழுத்து எதற்கு? – தரவுப் படங்கள் பற்றி ஒரு நீண்ட பேச்சு

மார்ச் 3 – ஒரு வாசகரின் கேள்வி

நல்ல தரவுப் படத்துக்கு எழுத்தே தேவையில்லை என்பது என் கட்சி. நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பைப் பற்றி மினார்ட் வரைந்ததைப் பாருங்கள். ரஷ்யக் குளிர் ஒரு படையையே எப்படி விழுங்கியது என்று பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. நம் பத்திரிகைகளில் படத்தைப் போட்டுவிட்டு, கீழே அரைப் பக்கம் விளக்கமும் எழுதுகிறார்கள். விளக்கம் கேட்கும் படம் தோற்ற படம்தானே?

மார்ச் 3, இரவு

தரவுப் படம் வரைவதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன படத்தையே எடுத்துக்கொள்வோம். ஷார்ல் ஜோசப் மினார்ட் 1869 நவம்பரில் அதை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 88. பிரான்சில் பாலங்கள், சாலைகள் துறையில் பொறியாளராக இருந்து 1851-இல் ஓய்வு பெற்றவர். படையை நிலப்படத்தின் மேல் போகப் போக மெலியும் ஒரு பட்டையாக வரைந்திருக்கிறார். அந்தத் தாளில் ஒரு பத்தி முழுக்க எழுத்துதான். பட்டையின் அகலம் ஆட்களின் எண்ணிக்கை, 1 மி.மீ. அகலம் 10,000 பேர், ஒரு நிறம் ரஷ்யாவுக்குள் போனவர்களுக்கு, கறுப்பு திரும்பி வந்தவர்களுக்கு, எண்கள் இன்னின்னார் எழுதியவற்றிலிருந்து எடுத்தவை, இந்த இடத்தில் கணக்கை எளிமையாக்கியிருக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொல்கிறார். இணையத்தில் சுற்றும் பல பிரதிகளில் அந்தப் பத்தி இல்லை. இருந்தாலும் படிக்க முடியாத அளவுக்குப் பொடியாகிவிடுகிறது. எழுத்தில்லாத படம் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பத்தியை விடுங்கள். பட்டை நெடுகவும் எண்களை எழுதி வைத்திருக்கிறாரே, அதையாவது படித்தீர்களா?

மார்ச் 4, காலை

ராத்திரி கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டேனோ என்று தோன்றியது. சரி, சேர்ந்தே படிப்போம்.

1812 ஜூன் 24-இல் ரஷ்ய எல்லையிலுள்ள நேமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கும் படை 4,22,000 பேர். அசல் தாளில் இது 42 மி.மீ. அகலம். வில்னாவில் 4,00,000. அங்கிருந்து 60,000 பேர் போலோட்ஸ்க் பக்கம் தனியாகப் பிரிகிறார்கள். மீதி 3,40,000 இருக்க வேண்டும். ஆனால் வித்தெப்ஸ்க் அருகே பட்டையில் எழுதியிருப்பது 1,75,000. நெப்போலியன் வித்தெப்ஸ்க் போய்ச் சேர்ந்தது ஜூலைக் கடைசியில். ஸ்மோலென்ஸ்கில் 1,45,000. செப்டம்பரில் மாஸ்கோவுக்குள் நுழையும்போது 1,00,000.

அதாவது பனி விழுவதற்கு முன்பே படையின் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. கோடை வெயில், மழை பெய்து சேறான சாலை, பின்தங்கிப்போன உணவு வண்டிகள், பச்சைப் புல்லைத் தின்று செத்த குதிரைகள், வயிற்றுப்போக்கு, டைபஸ், படையை விட்டு ஓடிப்போனவர்கள். இதையெல்லாம் அந்தப் பட்டை காட்டுகிறது. நம் கண்தான் அங்கே நிற்பதில்லை. திரும்பும் வழிக்கு மட்டும்தான் படத்துக்கு அடியில் ஒரு வெப்பநிலைக் கோடு இருக்கிறது. கறுப்புப் பட்டையிலிருந்து அந்தக் கோட்டுக்கு மெல்லிய கோடுகள் இறங்குகின்றன. கண் அவற்றைப் பிடித்துக்கொண்டு கீழே போய், குளிர்தான் எல்லாம் என்று முடிவு கட்டிவிடுகிறது. போகும் வழிக்கும் வெயிலுக்கும் நோய்க்கும் அப்படி ஒரு கோடு போட்டிருந்தால் நாம் எல்லோரும் வேறு கதை சொல்லிக்கொண்டிருப்போம்.

படம் தானே பேசியது என்றீர்கள். அது பேசியதில் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது.

மார்ச் 4, மதியம்

வெப்பநிலை −30 என்றிருப்பது செல்சியஸா என்று ஒருவர் கேட்டார். இல்லை, ரியோமர் அளவு. அதில் தண்ணீர் கொதிப்பது 80-இல். டிசம்பர் 6-க்கு மினார்ட் குறித்திருக்கும் −30, நம் கணக்கில் −37.5. ரியோமர் என்று தாளிலேயே எழுதியிருக்கிறார்.

மார்ச் 5

நேற்றுப் போட்ட கழித்தல் கணக்கை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 3,40,000-இலிருந்து 1,75,000 என்றால் 1,65,000 பிணங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயில் விழுந்து பின்தங்கியவர்கள், ஓடிப்போனவர்கள், வழியில் ஊர்க் காவலுக்கு நிறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். இன்னொன்றும் உண்டு. ஜெரோம் இளவரசர், தளபதி தாவூ இருவரின் படைகளும் மின்ஸ்க், மொகிலெவ் பக்கம் சுற்றிக்கொண்டு போய்ப் பிறகுதான் சேர்ந்தன. அவை முதலிலிருந்தே கூடவே நடந்ததாக வைத்துக்கொண்டேன் என்று மினார்டே அந்தப் பத்தியில் சொல்கிறார். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்தப் பட்டையை நாம் தப்பாகத்தான் படிப்போம்.

திரும்பும் வழியில் எனக்கு எப்போதும் கண் நிற்கும் இடம் பெரெசினா ஆறு. மாஸ்கோவிலிருந்து வந்தவர்கள் 20,000-ஆகத் தேய்ந்திருக்கிறார்கள். போலோட்ஸ்க் பக்கம் போனவர்களில் 30,000 பேர் வந்து சேர, பட்டை திடீரென்று தடிக்கிறது, 50,000. ஆற்றைத் தாண்டியதும் 28,000. படத்தில் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முடிவில் 4,000 பேரோடு இன்னொரு 6,000 சேர்ந்து 10,000. 42 மி.மீ. பட்டை 1 மி.மீ. கோடாகிவிடுகிறது. அந்த மெல்லிய கோட்டுக்கு நேர் மேலே, படை கிளம்பிய இடத்தில், தடித்த பட்டை இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து முடித்தது பெரிய வேலை. அந்த விஷயத்தில் கேள்வி கேட்டவரோடு எனக்குச் சண்டையே இல்லை.

மார்ச் 5, இரவு

மினார்ட் என்றால் இந்த ஒரு தாள்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பாவுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று 1858, 1864, 1865 ஆண்டுகளுக்கு அருகருகே வரைந்திருக்கிறார். முதல் படத்தில் அமெரிக்காவிலிருந்து வரும் பட்டை அட்லாண்டிக் கடலையே அடைத்துக்கொண்டு கிடக்கிறது. உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்கள் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டன. அடுத்த படத்தில் அந்தப் பட்டை நூலாகிவிட்டது, இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் பட்டை வீங்கிவிட்டது. நம் தென்மாவட்டக் கரிசல் பஞ்சும் அந்தக் காலத்தில் கப்பலேறிய சரக்குதான். வரலாற்றுப் பாடத்தில் படித்த பஞ்சு விலை ஏற்றம் எனக்கு நிஜமாகப் பிடிபட்டது இந்த இரண்டு பட்டைகளையும் பார்த்த பிறகுதான்.

பட்டைக்கு இடம் போதாத இடத்தில் கடற்கரையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார் மனிதர். நிலப்படக்காரர்களுக்கு இது ஆகாது. அவருக்கு எண்ணிக்கைதான் முக்கியம். எனக்கு அவர் பக்கம்தான் சரி என்று படுகிறது.

மார்ச் 7

"அப்படியானால் லண்டன் காலரா நிலப்படம்? ஜான் ஸ்னோ படத்தைப் போட்டார், குழாய் தெரிந்தது, கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது" என்று ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். வகுப்பில் சொல்ல வசதியான கதை. ஆனால் நடந்த வரிசை வேறு.

ஸ்னோ ஒரு மருத்துவர். தண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது என்று 1849-லேயே எழுதிவிட்டார். 1854 ஆகஸ்ட் கடைசியில் சோஹோ பகுதியில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். பதிவு அலுவலகத்திலிருந்து அந்த வாரத்தில் இறந்த 83 பேரின் பட்டியலை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறார். ஏறக்குறைய எல்லாச் சாவும் பிராட் தெரு அடிபம்புக்குப் பக்கத்தில். 10 சாவுகள் மட்டும் வேறு பம்புக்கு அருகில் உள்ள வீடுகளில். அந்த வீடுகளுக்கும் போகிறார். அதில் 5 குடும்பங்கள், நாங்கள் எப்போதும் பிராட் தெருத் தண்ணீரைத்தான் எடுத்துவரச் சொல்வோம் என்கின்றன. மேலும் 3 பேர் அந்தப் பம்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த குழந்தைகள். செப்டம்பர் 7 மாலை ஊர்ப் பொறுப்பாளர்களிடம் பேசுகிறார். மறுநாள் கைப்பிடி கழற்றப்படுகிறது. நிலப்படம் அச்சில் வந்தது 1855-இல்.

நோய் அதற்குள் இறங்கு முகத்தில்தான் இருந்தது, ஆட்கள் பயந்து ஊரைக் காலி செய்ததும் ஒரு காரணம் என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். தனக்குச் சாதகமில்லாத அந்த வரியையும் அவர் எழுதினார் என்பதால்தான் மற்றதை நான் நம்புகிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்தவை விதிவிலக்குகள். பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஆதரவற்றோர் இல்லம், 535 பேர், இறந்தவர்கள் 5 பேர்தான். அவர்களுக்குச் சொந்தக் கிணறு. அதே தெருவில் ஒரு மது ஆலை, 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவரும் காலராவில் சாகவில்லை. ஆலையில் கிடைத்த பானத்தையே குடித்தார்கள், பம்புப் பக்கமே போகவில்லை. மறுபக்கம், தூரத்து ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவைப் பெண்மணி. முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர், அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். அவர் இறந்தார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனுக்குத் திரும்பிய உறவுக்காரப் பெண்ணும் இறந்தார். இரண்டு ஊரிலும் அப்போது காலரா இல்லை. பிராட் தெருவை மட்டும் காட்டும் நிலப்படத்தில் இவர்களுக்கு இடமே கிடையாது. வாதத்தை நிமிர்த்தி வைத்ததோ இவர்கள்தான்.

மார்ச் 8

அந்த நிலப்படத்தில் இன்னொரு நுணுக்கம். நாம் இப்போது பார்க்கும் புள்ளிகள் பிற்காலத்தவர் வரைந்தவை. ஸ்னோவின் தாளில் ஒவ்வொரு சாவும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டை. வீட்டு வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. அந்தக் காலராவை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கைக்காகத் திருத்தி வரைந்தபோது ஒரு கோடும் சேர்த்தார். பிராட் தெருப் பம்புக்கும் மற்றப் பம்புகளுக்கும் நடை தூரம் சமமாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. தெருவழியாக ஒரு ஆள் குடத்தோடு நடக்க வேண்டிய தூரம் அது, பறவை பறக்கும் தூரம் அல்ல. எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது இந்தக் கோட்டுக்காகத்தான்.

மார்ச் 8, இரவு

என் அனுபவம் ஒன்று. ஒரு நகரத்தின் காய்ச்சல் கணக்கை வார்டு வாரியாக நிறம் தீட்டிக் கொடுத்தேன். மக்கள்தொகையால் வகுத்துத்தான் போட்டிருந்தேன். இல்லாவிட்டால் ஆள் அதிகம் உள்ள வார்டெல்லாம் சிவப்பாகிவிடும். ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. சில வார்டுகளில் ரத்தப் பரிசோதனை முகாம் அடிக்கடி நடந்தது, சிலவற்றில் நடக்கவே இல்லை. தேடிய இடத்தில்தானே கிடைக்கும்? அதை இரண்டே வரியில் படத்துக்கு அடியில் எழுதினேன். பக்கம் அமைத்தவர்கள் இடம் போதவில்லை என்று அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டார்கள். முகாம் ஒழுங்காக நடந்த வார்டுதான் ஊரிலேயே மோசமான வார்டு என்று அச்சாகி வந்தது. அங்கே வீடுவீடாகப் போய் ஆட்களைப் பரிசோதனைக்கு அழைத்து வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர் போனில் பேசினார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நன்றாக வேலை செய்ததற்குக் கிடைத்த பெயர் அது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

எழுத்து வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வருகிறது.

மார்ச் 10

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பற்றிச் சொல்லச் சொல்லி நிறையப் பேர். கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் கணக்கை மாதவாரியாக விசிறி மடிப்புகள்போல வட்டமாக வரைந்தார், 1858-இல் வெளியிட்டார். நீலம் தடுத்திருக்கக்கூடிய நோய்கள், சிவப்பு போர்க் காயம், கறுப்பு மற்றவை. 1855 ஜனவரியில் மட்டும் நோயால் 2,761 பேர். காயத்தால் 83 பேர். எதிரியின் குண்டைவிட மருத்துவமனைச் சாக்கடை பல மடங்கு கொன்றது என்பதை அந்த நீலம் சொல்கிறது.

ஆனால் அந்த நீலத்தை எப்படி அளப்பது? மூன்று நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை அல்ல. ஒவ்வொன்றின் பரப்பையும் வட்ட மையத்திலிருந்தே அளக்க வேண்டும் என்று படத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் பார்ப்பவர்கள் நீலத்தின் வெளிப்பகுதி மட்டும்தான் நோய்க் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கேயும் எழுத்து இல்லாமல் படம் இல்லை.

மார்ச் 11

நேற்று எழுதியதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். படம் இரண்டு சக்கரம். 1854 ஏப்ரலிலிருந்து 1855 மார்ச் வரை பெரியது, அடுத்த பன்னிரண்டு மாதம் சிறியது. வெட்டிய இடம் 1855 மார்ச். துருக்கியில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வைத்திருந்த ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சுகாதார ஆணையம் வந்து சாக்கடையைச் சுத்தம் செய்யத் தொடங்கிய மாதம். பார்ப்பவருக்கு, ஆணையம் வந்தது, சாவு குறைந்தது.

மாதக் கணக்கைப் பார்த்தால் ஜனவரி 2,761, பிப்ரவரி 2,120, மார்ச் 1,205. ஆணையம் வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. குளிர்காலமும் முடிந்துகொண்டிருந்தது. அப்படியானால் வெட்டிய இடம் வசதிக்காகத் தேர்ந்ததா? ராத்திரி முழுக்க இதுதான் ஓடியது. அப்புறம் காலையில் ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டேன். 1856 ஜனவரியில் நோயால் இறந்தவர்கள் 42 பேர். படையின் அளவோ முந்தைய ஜனவரியைவிடப் பெரியது. அதே குளிர், 2,761-க்கு எதிராக 42. முதல் குளிர்காலத்தில் உணவும் உடையும் கூடாரமும் இல்லாமல் கிடந்தார்கள், பிறகு அவையும் வந்து சேர்ந்தன. அதனால் எல்லாப் புகழையும் சாக்கடை வேலைக்கே கொடுக்க முடியாது. ஆனால் பருவம் மாறியதால்தான் குறைந்தது என்றும் இனி யாரும் சொல்ல முடியாது.

நான் வரைந்திருந்தால் இரண்டு ஜனவரியையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டமாக நிறுத்தியிருப்பேன். துல்லியம் கூடியிருக்கும். அமைச்சர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. சக்கரத்தைப் பார்த்தார்கள். அது சின்ன விஷயமில்லை.

மார்ச் 14

தமிழில் வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரல் எழுதிப் படம் வரையும் சில கருவிகளில் "கொசு" என்று கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். அலுத்துப்போய்ப் பலர் தலைப்புகளை ஆங்கிலத்தில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். படத்தை எழுத்தில்லாமல் ஏற்றுமதி செய்துகொண்டு, எழுத்தை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் சேருங்கள். கூடுதல் வேலைதான். அதேபோல் எண்களை 4,22,000 என்று லட்சக் கணக்கில் பிரித்துப் போடுங்கள். 422,000 என்று இருந்தால் என் அம்மா விரல் வைத்து எண்ணித்தான் படிப்பார்.

மார்ச் 16

இதுவரை நாம் பேசாத ஒருவர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ். 1900 பாரிஸ் கண்காட்சிக்கு அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து கறுப்பின மக்களின் வாழ்நிலையைச் சுமார் 60 தாள்களில் கையால் வரைந்து கொண்டுபோனார். மை, நீர்வண்ணம், அளவுகோல், அவ்வளவுதான்.

இரண்டு தாள்களைச் சொல்கிறேன். ஒன்று, அமெரிக்கக் கறுப்பினத்தவரில் அடிமைகள் எத்தனை பங்கு, சுதந்திரர் எத்தனை பங்கு என்று 1790 முதல் 1870 வரை. தாளை நிறைத்த ஒரு கறுப்புப் பாளம். அதன் உச்சியில் மெல்லிய பச்சை விளிம்பு. 1790-இல் சுதந்திரர் 8 சதவீதம், 1830-இல் 14, பிறகு மெதுவாகக் குறைந்து 1860-இல் 11. 1870-இல் பச்சை விறுவிறுவென்று கீழே இறங்கி 100 ஆகிவிடுகிறது. எழுபது ஆண்டு அசையாமல் கிடந்ததுதான் அந்தத் தாளின் கதை. கடைசிப் பாய்ச்சலை மட்டும் தனியாக வெட்டிக் காட்டியிருந்தால் அது வெறும் வெற்றிச் செய்தியாகியிருக்கும்.

இன்னொன்று, ஜார்ஜியாவில் 1890-இல் நகரத்திலும் கிராமத்திலும் வாழ்ந்த கறுப்பினத்தவர்கள். பெரிய நகரங்களில் 78,139. நடுத்தர நகரங்களில் 8,025. சிறு நகரங்களில் 37,699. கிராமப்புறத்தில் 7,34,952. கடைசி எண்ணை நேர்கோடாகப் போட்டால் தாளைத் தாண்டிவிடும். அதைச் சிவப்புச் சுருளாகச் சுற்றிவிட்டார்.

மார்ச் 17

சுருளின் நீளத்தைக் கண்ணால் அளக்க முடியாதே என்று ஒரு நண்பர் கேட்கிறார். நியாயம். நேற்றிலிருந்து எனக்கும் அதே யோசனைதான். அளவு பார்க்க அது உதவாது, அதற்குத்தான் எண்ணைப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். இத்தனை பேர் இன்னும் மண்ணோடு கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று கண்காட்சியில் நடந்து போகிறவரை நிறுத்த அந்தச் சுருள் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே கோட்டிடம் கேட்கக் கூடாது.

மார்ச் 21

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, தன் வழித்தடப் பேருந்து எங்கே தாமதமாகிறது என்று வரைய ஆசை, எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். ரொம்ப மகிழ்ச்சி.

ரயில்காரர்களின் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்கள், இடையில் உள்ள தூரத்துக்கு ஏற்ற இடைவெளியில். ஒரு ரயில் ஒரு சாய்ந்த கோடு. செங்குத்தாக ஏறினால் வேகம், படுத்துக் கிடந்தால் நின்றிருக்கிறது, எதிரெதிர்க் கோடுகள் வெட்டும் இடத்தில் இரண்டு ரயில்கள் சந்திக்கின்றன. பாரிஸ்–லியோன் வண்டிகளை இப்படிக் காட்டும் படத்தை 19-ஆம் நூற்றாண்டில் மாரே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் தன் நூலில் போட்டார். இப்ரி என்ற பொறியாளரின் முறை என்று அதில் சொல்கிறார்.

என் தாய்மாமா ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலராக, ஒரு தடத்தின் ரயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துபவராக, இருந்தவர். மேசை அகலத்துக்குத் தாள், ரயிலின் வகைக்கு ஒரு வண்ணப் பென்சில், காதில் போன். நிலைய மாஸ்டர் நேரத்தைச் சொல்லச் சொல்ல, மாமா அளவுகோலை நகர்த்தி அந்த ரயிலின் கோட்டை நீட்டுவார். ஒற்றைத் தடத்தில் கோடுகள் நிலையத்துக்கு நேராகத்தான் வெட்ட வேண்டும். நடுவழியில் வெட்டுவதுபோல் வந்தால் ஏதாவது ஒரு வண்டியை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். கோடு படுத்த இடத்திலெல்லாம் அதன்மேல் பொடி எழுத்தில் காரணம் எழுதுவார். கேட் மூடவில்லை, இன்ஜின் கோளாறு, எதிர் வண்டி. பணி மாறி உட்கார்ந்தவர் முதலில் படிப்பது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

நீங்களும் நிறுத்தங்களை நெடுக்கே தூரப்படி குறித்துக்கொள்ளுங்கள். போனில் நேரத்தைப் பதிவு செய்துகொண்டே காலையும் மாலையும் பயணம் செய்யுங்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கோடு. பத்துப் பதினைந்து கோடு சேர்ந்தால் எல்லாக் கோடும் எந்த இடத்தில் படுக்கின்றன என்று தெரிந்துவிடும். அங்கே ஒரு நாள் இறங்கி நின்று, ஏன் என்று பாருங்கள். ரயில்வே கேட்டா, சந்தைக் கூட்டமா, நடத்துநர் டிக்கெட் போட்டு முடிக்க வண்டியை ஓரம் கட்டுகிறாரா என்று தெரிந்ததும், அதைக் கோட்டின் மேலேயே எழுதி இங்கே போடுங்கள்.